ஓரம் தேய்ந்த டயர்கள்

சரக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் ஸ்டாண்டில் அவரை எல்லோரும் ஆமை என்றே கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பார். கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டைல்ஸ் கடைக்காரர் தன்னுடைய விலை கூடின சரக்கை வேறு எவர் வண்டியிலும் ஏற்ற விடமாட்டார். "அவசரமில்ல, ஆமை வரட்டும்" என்று உட்கார்ந்திருப்பார். டைல்ஸ் அப்படிப்பட்ட சரக்கு. ஒரு பள்ளத்தில் சக்கரம் தொப்பென்று இறங்கினால் போதும், பெட்டிக்குள் மூலை பெயர்ந்துவிடும். பெட்டி மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். வீடு கட்டுகிறவர் பிரித்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆமையின் பிக்கப் வண்டியில் வந்த பெட்டிகளை யாரும் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. பார்க்காமலே போடுவார்கள்.

எந்த வேகத்தடை சாயம் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது, எந்தச் சாக்கடை மூடி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, மழை விட்ட மறுநாள் எந்தப் பள்ளம் பெரிதாகியிருக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். கண்ணுக்குக்கூட அப்புறம்தான். முன்சக்கரம் மேட்டில் ஏறுவதற்கு முன்பே கால் பிரேக்கில் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, முந்திப் போய், ஜன்னல் வழியாக ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்கள். அவர் கையைக் காட்டி, போ போ என்பார்.

கல்யாணம் ஆன புதிதில் மனைவியை அவர் இதற்கு முன்பு வைத்திருந்த ஒரு பழைய சரக்கு வண்டியில்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தார். பின்னால் அவளுடைய தையல் மெஷின் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன்னால் அவள். பாதி தூரம் வரை வாயைத் திறக்காமல் வந்தவள், ஒரு சைக்கிள்காரர் மணியடித்து இவர்களை முந்திப் போனதும் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? பின்னாடி மெஷின் இருக்கு, முன்னாடி நான் இருக்கேன். இதுல யாருக்காக இவ்வளவு மெதுவாப் போறீங்க?"

அவர் யோசிக்காமல், "மெஷினுக்கு" என்றார்.

"அதானே பார்த்தேன்" என்றாள் அவள்.

அவர்கள் வாழ்க்கை முழுவதும் அந்தப் பேச்சு வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கே போனாலும், "மெஷினைத்தான் இறக்கியாச்சே, கொஞ்சம் மிதிங்களேன்" என்பாள். அவர் மிதிக்கமாட்டார். பழகிய கால் அது. அவளோ எல்லாவற்றிலும் வேகம். வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டு, துணிக்கடையில் வாங்கிய பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கிறது, இடுப்பைப் பிடிக்கிறது, கிழிந்த ஜிப்பை மாற்றுகிறது என்று நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருப்பாள். தெருவில் அவள் பெயர் தையல்காரம்மா. "எங்க வீட்டுக்காரர் இந்தத் தெருமுனை திரும்பறதுக்குள்ள நான் ரெண்டு பேன்ட்டை முடிச்சிருவேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். அவர் உள்ளே காபி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் பேசினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

தையல்காரம்மாவுக்கு முதுகு வலி வந்தபோது, குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள், வராமல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாற்காலியை மாற்றினார்கள். தைலம் தேய்த்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது, வலி முதுகெலும்பிலிருந்து வருகிறது, அங்கே அது வேறெங்கிருந்தோ பரவி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு வாரா வாரம் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி.

வாடகைக் கார் வைத்துப் பார்த்தார்கள். கார் இருக்கை தாழ்வு. குனிந்து உள்ளே நுழைவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிக்கப்பின் இருக்கை அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒரு ஸ்டூலில் ஏறி, அப்படியே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஏறுவது சுலபம், போவதுதான் பாடு. சரக்கு இல்லாத சரக்கு வண்டி எப்படிப் போகும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பின்னால் ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்கச் செய்தவை. பாரம் இல்லையென்றால் அவை வளைந்து கொடுக்காது, வண்டியையே தூக்கி அடிக்கும். முதல் வியாழக்கிழமை, டைல்ஸ் பெட்டி ஒன்றைக்கூட உடைக்காத ஆமை எவ்வளவு பார்த்து ஓட்டியும், வீடு வந்து சேரும்போது அவள் உதடு பல்பட்டு ரத்தம் கட்டியிருந்தது.

"டைல்ஸுக்குக் குடுக்கிற மரியாதை எனக்கு இல்லியே" என்றாள் அவள், சிரிக்க முயன்று.

அன்று மாலையே அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில் நாலு டயரிலும் காற்றைக் குறைப்பது. வால்வை நகத்தால் அழுத்திப் பிடித்தால் புஸ் என்று இறங்கும். டயர் கொஞ்சம் தொப்பை போட்டதும் விட்டுவிடுவார். பின்னால் பாரத்துக்கு மணல் மூட்டைகள். கடைச் சாக்கு கிழிந்து மணல் சிந்தியதால், தையல்காரம்மாவே பழைய திரைச்சீலைத் துணியை இரட்டையாக மடித்து, ஓரத்துக்கு இரண்டு தையல் போட்டு, தூக்குவதற்குக் காதும் வைத்து மூட்டைகள் தைத்துக் கொடுத்தாள். பச்சைத் துணியில் வெள்ளைப் பூ போட்ட மணல் மூட்டைகள். ஸ்டாண்டில் சிரித்தார்கள். "ஆமை வண்டிக்குத் தலகாணி வெச்சிருக்காருடோய்!" அவர் கையைக் காட்டி, போ போ என்றார். வண்டி தண்ணீரில் போவது மாதிரி போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அவருக்கு அது போதும்.

வியாழன் மாலை திரும்பி வந்ததும் காலால் மிதிக்கிற பம்ப்பை எடுத்து, நாலு டயருக்கும் பழையபடி காற்று ஏற்றிவிடுவார். மறுநாள் டைல்ஸ் ஏற்ற வேண்டுமே. ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார். அப்புறம் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, கஞ்சி வைத்து, துணி அலசி முடிக்கிறபோது கால்கள் தளர்ந்து போயிருக்கும். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவார். நாளைக்குக் காலையில் கடையிலிருந்து போன் வந்துவிடும். காற்றுக் குறைந்த டயரின் மேல் டைல்ஸ் பாரம் ஏறும். ஓட்டத் தெரிந்த எவரும் செய்யாத காரியம். தெரிந்தே செய்துகொண்டிருந்தார்.

அப்படியொரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசினாள். வயதில் சின்னவள், நிதானமாகப் பேசுகிறவள்.

"இதுக்கு மேல கொடுக்கிற மருந்து அவங்களுக்குச் சிரமத்தைத்தான் கொடுக்கும். வலிக்கு வீட்டுலயே போட்டுக்கிற மாதிரி எழுதித் தரேன். நர்ஸ் வந்து பார்ப்பாங்க. இவ்வளவு தூரம் இனிமே நீங்க வர வேண்டியதில்ல. வேணும்னா வரலாம், அது உங்க விருப்பம்."

"அடுத்த வியாழக்கிழமை வந்துடறோம்மா" என்றார் ஆமை, எழுந்துகொண்டே. டாக்டர் சொன்னதில் 'வேணும்னா வரலாம்' என்பதை அவர் எடுத்துக்கொண்டார். 'வர வேண்டியதில்ல' என்பதைத் தையல்காரம்மா எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொன்றை மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த திங்களன்று டைல்ஸ் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின் டயர் ஒன்றின் ஓரத்தில் ரப்பர் முழுவதும் போய், கம்பி நரம்பு மாதிரி பளபளத்தது.

"ஏம்பா, இந்த டயர்லயா என் சரக்கைக் கொண்டு போற? நீயா?"

"மாத்திடறேன் சார்."

"மாத்திட்டு வா. அது வரைக்கும் ஒரு பெட்டி ஏத்த மாட்டேன். உனக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

டயர்க்கடைக்காரரைப் பஞ்சர் அண்ணன் என்பார்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒட்டுப்போடும் பசையுமாகச் சாலையோரம் உட்கார்ந்து தொடங்கியவர். இப்போது கண்ணாடிக் கதவு வைத்த கடை, சுவர் நிறைய டயர். ஆனாலும் பெயர் மாறவில்லை. அவர் குனிந்து நாலு டயரையும் கையால் தடவிப் பார்த்தார்.

"நடுவுல பாரு, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் புதுசு மாதிரி இருக்கு. ரெண்டு ஓரமும் வழுக்கை. காத்தே பார்க்காம ஓட்டுறவன் டயர்தான் இப்படி ஆகும். உன் வண்டின்னு தெரியலேன்னா, எந்த மடையன் ஓட்டினான்னு கேட்டிருப்பேன்."

"மடையன்தாண்ணே ஓட்டினான்" என்றார் ஆமை.

பஞ்சர் அண்ணன் பின்பக்கம் கிடந்த பூப்போட்ட மூட்டைகளைப் பார்த்தார். வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை. சுவரிலிருந்து இரண்டு டயர்களை இறக்கித் தரையில் போட்டு உருட்டினார்.

"இது லோடு டயர். அழுத்திப் பாரு, அசையாது. உள்ள அத்தனை அடுக்கு. பாரம் ஏத்தறவனுக்கு இதுதான். சூடாகாது, ஓரம் தேயாது. நீ ஓட்டுற ஓட்டத்துக்கு உனக்கு அலுத்துப் போகும், இதுக்கு அலுக்காது. ஒண்ணுதான், காலி வண்டியா போனா குதிரை மாதிரி துள்ளும். அந்தப் பக்கம் கிடக்கிறது இன்னொண்ணு. கார்ல போடற ரகம், மெத்துனு இருக்கும். ஆனா டைல்ஸ் ஏத்தினா ஒரு வருஷம் தாங்கினா பெருசு."

ஆமை இரண்டின் பக்கவாட்டிலும் குனிந்து, எப்போது செய்தது என்று பொறித்திருப்பதைப் படித்தார். நெடுநாள் கடையில் கிடந்த டயர் ஓடாமலே வயசாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். இரண்டுமே புதிது. புது ரப்பருக்கே உரிய சின்னச் சின்ன முடிகள் இரண்டிலும் சிலிர்த்துக்கொண்டு நின்றன. லோடு டயரை முழங்காலால் அழுத்தினார். கல். மற்றதை அழுத்தினார். உள்ளே போய் வந்தது.

"முன்னாடி மெத்து டயர், பின்னாடி லோடு டயர்?"

"துள்ளுறது பின்பக்கம்தானே? முன்னாடி மெத்துனு போட்டு என்ன பிரயோஜனம்?"

"சரி, அவ உக்கார்ற பக்கத்துக்கு மட்டும் ரெண்டு மெத்து டயர்..."

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸா?" என்று சிரித்துவிட்ட பஞ்சர் அண்ணன், ஆமையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வண்டி ஒரு பக்கமா இழுக்கும்பா. ஓட்ட முடியாது. உனக்குத் தெரியாததா? வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. டயர் எங்கேயும் போகாது."

வீட்டில் தையல்காரம்மாவின் தங்கை இருந்தாள். பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள அவள் வந்துவிடுவாள். அக்காள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மெஷினின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"என்ன மாமா, வெறும் கையோட வரீங்க? டயர் வாங்கப் போனவர் ஒரு பிஸ்கட்டாவது வாங்கிட்டு வரக்கூடாதா?"

"இன்னும் முடிவாகல."

"ஒரு டயருக்கு ஒரு நாள் முழுக்க யோசனையா! பொண்ணு பார்க்கிறப்போகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க."

"அப்போ யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பார்" என்றாள் கட்டிலிலிருந்து தையல்காரம்மா. "நீ போய் உன் பிள்ளைங்களைப் பாரு. நான் இவர்கிட்ட டயர் கதை கேக்கணும்."

தங்கை போனதும் கேட்டாள். அவர் இரண்டு டயரையும் பற்றிச் சொன்னார்.

"எது ரொம்ப நாள் வரும்?"

"லோடு டயர்தான். ஆனா அது கல்லு. உனக்கு ஆகாது."

"எனக்கா டயர் வாங்கறீங்க? வண்டிக்கு வாங்குங்க."

"மெத்து டயரும் ஒரு வருஷம் வரும்ங்கிறார்."

"ஒரு வருஷம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "ஒரு வருஷத்துக்கு யாரை ஏத்திட்டுப் போகப் போறீங்க?"

"டைல்ஸ்."

"டைல்ஸுக்கு எதுக்கு மெத்தை? அதுக்கு உங்க கால் போதும்."

"வியாழக்கிழமை போகணும்ல" என்றார், தரையைப் பார்த்து.

"வர வேண்டியதில்லன்னு டாக்டர் சொன்னாங்க."

"வேணும்னா வரலாம்னும் சொன்னாங்க."

"எனக்கு வேணாம்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்தார். சொம்பு நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை. "தண்ணி போகுது" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். மூடிவிட்டு வந்தார். அவள் தன் பக்கத்தில் தட்டி, உட்காரச் சொன்னாள்.

"இங்க பாருங்க. இந்த வழுக்கை டயரோட நீங்க தினம் போய் வர்றது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பம்ப் சத்தம் கேட்டு எத்தனை வியாழக்கிழமை ஆச்சு? ஜன்னல் பக்கம்தானே படுத்திருக்கேன். நான் இல்லாத ஒரு நாள்ல, நடு ரோட்டுல டயர் வெடிச்சு நீங்க கிடக்கிற மாதிரி நான் நினைச்சுக்கிட்டே போகணுமா? அதை மட்டும் எனக்குக் குடுக்காதீங்க."

அவள் அவர் கையைத் திருப்பி, டயர் தடவிக் கறுத்துப்போன விரல்களைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இப்போ என்ன, வியாழக்கிழமை என்னை வெளியே கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதானே? போவோம். டயர்க்கடைக்கு."

வியாழக்கிழமை காலை அவர் வழக்கம்போல மணல் மூட்டைகளை ஏற்றினார். ஸ்டூலைப் போட்டு அவளை ஏற்றினார். அவள் ஒரு நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அவள் அப்படிக் கட்டியதில்லை. கம்பி தெரிகிற அந்த டயரோடு, நடக்கிறவர்களே முந்திப் போகிற வேகத்தில், பஞ்சர் அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"இறங்கி உள்ள உக்காருங்கம்மா, ஃபேன் போடறேன்" என்று பஞ்சர் அண்ணன் ஓடிவந்தார்.

"இறங்கினா ஏறறது கஷ்டம். நான் இப்படியே இருக்கேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"ஆளை வெச்சுட்டு ஜாக்கி போடறதில்லம்மா."

"நான் ஆள் கணக்கா? ஒரு டைல்ஸ் பெட்டி வெயிட்டுகூட இருக்க மாட்டேன்."

பஞ்சர் அண்ணன் ஆமையைப் பார்த்தார். ஆமை வேறெங்கோ பார்த்தார். கடைசியில் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, அடியில் இரும்புத் தாங்கி கொடுத்து, பஞ்சர் அண்ணன் தன் கையாலேயே ஒவ்வொரு சக்கரமாக மெதுவாகத் தூக்கினார். தையல்காரம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உயர்ந்தாள்.

"இந்த வண்டியில இவ்வளவு உசரத்துல நான் உக்காந்ததே இல்ல" என்றாள். "டேய் பஞ்சர்... அண்ணே! நாலையும் ஒண்ணாத் தூக்க முடியாதா?"

கடையே சிரித்தது. போடுவதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆமை லோடு டயர் ஒன்றை உருட்டி வந்து, தூக்கி ஜன்னலருகே பிடித்தார். அவள் கையை நீட்டி அந்த ரப்பர் முடிகளைத் தடவினாள். "பொறந்த குழந்தை தலை மாதிரி இருக்கு" என்றாள். ஒன்றைப் பிடித்து இழுத்தாள். நூல் மாதிரி நீண்டு, பட்டென்று அறுந்து கையோடு வந்தது. துணி ஓரத்து நூலைச் சுருட்டுகிற மாதிரி அதை விரலில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

நாலும் போட்டு முடிந்தது. வண்டி தரையில் இறங்கி நின்றது. ஆமை வால்வுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொஞ்சம், மிகக் கொஞ்சம் காற்றை இறக்கப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் மேலிருந்து. "முழுக் காத்து இருக்கட்டும். நீங்க இனிமே எதுல போவீங்களோ அதுல நானும் போய்ப் பார்க்கணும்."

தெருவில் முதல் மேட்டிலேயே வண்டி துள்ளியது. அவள் இருக்கையின் ஓரத்தைப் பிடித்தாள். அவர் பிரேக்கை மிதித்தார். "நிறுத்தாதீங்க" என்றாள். மூன்று தெரு தாண்டுவதற்குள் அவள் நெற்றி வியர்த்துவிட்டது. "வலது பக்கம் திருப்புங்க. புறவழிச் சாலையில போவோம்."

அது புதிதாகப் போட்ட சாலை. வீட்டுக்குச் சுற்றுவழி. ஆனால் பள்ளம் இல்லை, மேடில்லை. ஆமை அதில் டைல்ஸ் ஏற்றிப் போயிருக்கிறார், அதே ஆமை வேகத்தில். சாலை நீண்டு காலியாகக் கிடந்தது.

"பின்னாடி மெஷின் இல்லையே" என்றாள் அவள். "மிதிங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"மிதிங்கன்னா!"

மிதித்தார். வண்டி முதலில் நம்பாதது மாதிரி ஒரு முனகல் முனகிவிட்டு, பிறகு பிடித்தது. வேகம் காட்டும் முள் இத்தனை வருடங்களில் போகாத இடத்துக்குப் போனது. புது டயர் தார்ச்சாலையைக் கவ்விக்கொண்டு ஒரே சீராக இரைந்தது. ஜன்னல் வழியே காற்று வந்து அவள் முந்தானையை முகத்தில் அடித்தது. அவள் அதை விலக்காமலே சிரித்தாள். ஒரு லாரியை முந்தினார்கள். ஆமை வாழ்க்கையில் முந்திய முதல் லாரி அதுவாகத்தான் இருக்கும். லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். தையல்காரம்மா அவரைப் பார்த்துக் கையைக் காட்டி, போ போ என்றாள்.

அன்று மாலை முழுவதும் அவள் வலியில் பேசவில்லை. நர்ஸ் வந்து மருந்தைக் கூட்டிக் கொடுத்தாள். ஆமை வாசற்படியில் உட்கார்ந்து, நான் ஏன் மிதித்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவளுக்குப் பேச்சு வந்தபோது, "நல்ல டயர்" என்றாள்.

அதன் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஜன்னலோரக் கட்டிலில், தங்கை தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில் இறந்துபோனாள். ஆமை அப்போது வீடு கட்டும் இடத்தில் டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார். போன் வந்தது. திரும்பி வரும்போது வேகமாக வந்தாரா, மெதுவாக வந்தாரா என்று அவருக்கு நினைவில்லை.

மழையெல்லாம் ஓய்ந்து, சாலைகளில் புதுப் பள்ளங்கள் விழுந்திருந்த சமயத்தில், பஞ்சர் அண்ணன் டைல்ஸ் கடை வாசலில் அவர் வண்டியைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் குனிந்து டயரைத் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "கடைப் பக்கம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆமை போனார். பஞ்சர் அண்ணன் ஒரு டயரைக் காட்டினார். நடுவில் பட்டன் கறுகறுவென்று நின்றது. இரண்டு ஓரமும் மழுங்கத் தொடங்கியிருந்தன.

"இந்த டயருக்கு இது வரக்கூடாதே. எப்படி வந்துச்சு?"

பின்பக்கம் பச்சைத் துணியில் வெள்ளைப் பூப்போட்ட மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. அன்று வியாழக்கிழமை. பஞ்சர் அண்ணன் மூட்டைகளைப் பார்த்தார், தொப்பை போட்டிருந்த டயரைப் பார்த்தார், காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

"எங்க போயிட்டு வர?"

"ஆஸ்பத்திரி வரைக்கும்."

"எதுக்கு?"

"சும்மா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன்."

பஞ்சர் அண்ணன் கையிலிருந்த அழுக்குத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா இங்க உக்காந்துதானே இந்த டயரைப் பார்த்து எடுத்தாங்க" என்றார். "நாள்பட வரணும்னுதானே எடுத்தாங்க? இப்படி ஓட்டினா அடுத்த மழைக்குக் கம்பி தெரியும்பா."

"தெரியும்ணே."

"தெரிஞ்சு?"

ஆமை டயரின் பக்கவாட்டைத் தடவினார். சாலையில் படுகிற இடத்தில் முடிகள் முதல் வாரமே போய்விட்டன. பக்கவாட்டில் மட்டும் அங்கங்கே இன்னும் இருந்தன, தூசி படிந்து. ஓரிடத்தில் ஒரு முடி இல்லாமல், சிறு புள்ளி மட்டும் இருந்தது. அவள் இழுத்து அறுத்தது அந்த டயரா, வேறு டயரா என்று அவருக்குத் தெரியாது. தேடிப் பார்த்திருக்கிறார். எல்லா டயரிலும் அப்படிப் புள்ளிகள் இருந்தன.

"காத்தை நிரப்பிடுங்க" என்றார்.

பஞ்சர் அண்ணன் குழாயை இழுத்து வந்தார். ஒவ்வொரு டயராக முறுக்கேறி, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அது முடியும் வரை ஆமை பின்பலகையைத் திறந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வாய்த் தையலைப் பிரிக்கக் கத்தி கேட்டார். ஆனால் கத்தி போடாமல், முடிச்சைத் தேடிப் பல்லால் கடித்து அவிழ்த்து, நூலை உருவினார். இரட்டைத் தையல், நெருக்கமான தையல். நேரம் பிடித்தது. மணலைக் கடைக்குப் பின்னால் கொட்டினார். துணிகளை உதறினார். மடித்து, பக்கத்து இருக்கையில் வைத்தார்.

"வெறும் வண்டி, துள்ளும். பார்த்துப் போ" என்றார் பஞ்சர் அண்ணன்.

முதல் மேட்டில் வண்டி தூக்கி அடித்தது. மடித்து வைத்த துணிகள் சரிந்து கீழே விழுந்தன. அவர் ஓரமாக நிறுத்தி, எடுத்து, மறுபடி மடித்து, சீட் பெல்ட்டைத் துணிகளின் மேல் இழுத்து மாட்டினார். பிறகு எப்போதும் போகிற வேகத்திலேயே போனார். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஒவ்வொன்றிலும் துள்ளி. பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, போ போ என்றார்.